பார்க்காமலே கொண்டுபோன படம்

"அந்தக் கவரா? காலையிலேயே உங்க ஆபீஸ் அம்மா வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களே!"

சொல்லிவிட்டு ஸ்டூடியோக்காரர், பாஸ்போர்ட் படத்துக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க சார்" என்றார். எதிரே நின்ற இரண்டு பேர் தலையில் இடியை இறக்கியது அவருக்குத் தெரியவே இல்லை.

ரேடியோ தன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அண்ணி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. அண்ணி கத்தினால் பிரச்சினை சின்னது என்று அர்த்தம். வாயைத் திறக்காவிட்டால் நிலைமை மோசம்.

"எங்க ஆபீஸ்ல மொத்தமே நாங்க ரெண்டு பேர்தான் சார்" என்றான் ரேடியோ. "அதுல மீசை இல்லாத ஆள் இவங்க ஒருத்தர்தான். இவங்க இப்பத்தான் வர்றாங்க."

கேமராவுக்குப் பின்னால் இருந்த தலை மெதுவாக வெளியே வந்தது.

டி.வி., பத்திரிகை வட்டாரத்தில் அண்ணிக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஆவணப்படம் எடுப்பவர்களும் புத்தகம் போடுபவர்களும் ஏதாவது ஒரு பழைய படம் வேண்டும் என்பார்கள். அதை எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் பிடிப்பது, எடுத்தவர் யார், உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பது, படத்தில் இருப்பதாகச் சொல்லப்படுவது உண்மையிலேயே அதில் இருக்கிறதா என்று துருவிப் பார்ப்பது, இதெல்லாம் அவள் தொழில். கணவனின் தம்பியை உதவிக்கு வைத்துக்கொண்டாள். வாய் ஓயாத அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

"வந்தவங்க கார்டு ஏதாவது குடுத்தாங்களா?" என்றாள் பூதக்கண்ணாடி.

"குடுத்தாங்களே. அதைப் பார்த்துத்தானே நம்பினேன்." ஸ்டூடியோக்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார்.

ரேடியோ வாங்கிப் பார்த்தான்.

"அண்ணி... இது என் கார்டு."

"தெரியுது. யாருக்குக் குடுத்த?"

"யாருக்குக் குடுக்கலைன்னு கேளுங்க. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர், பல் டாக்டர், லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவர்... போன வாரம் ஒரு போலீஸ்காரர் அபராதம் போட வந்தார். அவருக்கும் ஒண்ணு குடுத்தேன்."

"அபராதம்?"

"போட்டுட்டார்."

பூதக்கண்ணாடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒளிபரப்பு. அதற்குள் அந்தக் கவர் கைக்கு வந்தாக வேண்டும்.

கவருக்குள் இருந்தது ஒரே ஒரு நெகட்டிவ். பல வருடங்களுக்கு முன்னால் தீப்பிடித்து எரிந்த ஒரு நூல் மில்லின் கேட்டு. மூடிய கேட்டின் முன்னால் கையில் சாவியோடு ஒரு வாட்ச்மேன். கம்பிகளுக்குப் பின்னால் சுருள் சுருளாகப் புகை. அதன் பிரிண்டைப் பத்திரிகையில் பார்க்காத ஆள் நாட்டில் கிடையாது. அந்த மில்லுக்கு இரண்டு கேட்டுகள். முன் கேட்டு வழியாக ஓடியவர்கள் பிழைத்தார்கள். பின் கேட்டு பூட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் ஓடிய பெண்கள் கம்பியைப் பிடித்தபடியே செத்துப்போனார்கள்.

"பின் கேட்டுச் சாவி மேனேஜர்கிட்ட இருந்தது. நான் முன் கேட்டுலதான் நின்னேன்" என்று வாட்ச்மேன் கோர்ட்டில் கதறினான். படம் வேறு மாதிரி சொன்னது. இரண்டு கேட்டுகளும் ஒரே அச்சு. வித்தியாசம் ஒன்றுதான். ஆள் நுழைகிற சின்னக் கதவு, வெளியிலிருந்து பார்த்தால், முன் கேட்டில் இடது பக்கம், பின் கேட்டில் வலது பக்கம். படத்தில் அது வலது பக்கம் இருந்தது. முடிந்தது கதை. கையில் சாவி இருந்தும் திறக்காத பாவி என்று ஊர் காறித் துப்பியது. அவன் ஜெயிலுக்குப் போனான்.

இன்றைக்கு ஏழு மணிக்கு வரப்போவது அந்தத் தீ விபத்தைப் பற்றிய ஆவணப்படம். அதற்காக அந்தப் படத்தைத் தேடிக் கொடுத்ததே பூதக்கண்ணாடிதான். போன வாரம் வாட்ச்மேனின் மகள், தையல்கடை வைத்திருக்கும் பெண், டைரக்டரின் ஆபீஸுக்கு வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "எது வேணும்னாலும் காட்டுங்க சார். அந்தப் படத்தை மட்டும் வேணாம். அப்பா இன்னும் உயிரோட இருக்காரு." டைரக்டர் மறுத்துவிட்டார். ஆவணப்படத்தின் உயிரே அந்த ஒரு ஷாட்தான் என்றார்.

அவள் போன பிறகு பூதக்கண்ணாடி அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "ஒரிஜினல் நெகட்டிவ் வேணும்டா" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. படம் விற்கும் ஏஜென்சியில் ஆரம்பித்து, மூடிப்போன பத்திரிகையைத் தாண்டி, கோர்ட் விசாரணைக்கு முன்பே செத்துப்போன போட்டோகிராபரின் மகன் நடத்தும் இந்த ஸ்டூடியோவில் வந்து முடிந்தது தேடல். வாசல்வரை வந்தாயிற்று. பொருள் பறந்துவிட்டது.

"மில் முதலாளி ஆளுங்கதான் அண்ணி" என்றான் ரேடியோ. "சந்தேகமே இல்ல. ஏதோ ஒரு பொம்பளையை செட்டப் பண்ணி அனுப்பியிருக்காங்க."

"அந்த மில் வக்கீல்னு ஒருத்தர்கூட போன் பண்ணாரு மேடம்" என்றார் ஸ்டூடியோக்காரர். "நெகட்டிவ் இருக்கா, என்ன விலைன்னாலும் வாங்கிக்கறோம்னாரு."

"பார்த்தீங்களா!"

"எப்ப பண்ணார்? அந்தம்மா வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" பூதக்கண்ணாடியின் குரல் கத்தி மாதிரி நடுவில் விழுந்தது.

"பின்னாடிதான். அவங்க போய் ரொம்ப நேரம் கழிச்சு."

"கையில வந்துட்ட பொருளை எவனாவது போன் போட்டுத் தேடுவானாடா?"

அவள் ஸ்டூடியோக்காரர் பக்கம் திரும்பினாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். அந்தம்மா நெகட்டிவை எப்படிப் பார்த்தாங்க?"

"அதுதான் மேடம் எனக்கே விசித்திரமா இருந்தது. லைட் பாக்ஸ் மேல வச்சு, இதுதானான்னு பார்த்துக்குங்கன்னேன். அவங்க சட்டுனு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. திரும்பின மாதிரியே, 'அதுதான், கவர்ல போட்டுக் குடுங்க'ன்னாங்க. வேற காப்பி இருக்கான்னு மட்டும் கேட்டாங்க. இல்லைன்னேன். அப்படியே பெருமூச்சு விட்டாங்க."

பூதக்கண்ணாடி கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"வாங்க வர்றவன் பார்ப்பான். திருட வர்றவன் ரெண்டு தடவை பார்ப்பான், தப்பானதைத் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு. அந்தப் படத்தைப் பார்க்கவே முடியாத ஆள் இந்த ஊர்ல ஒருத்தர்தான் இருக்காங்க. கார்டு குடுத்தியா, இல்லையா?"

ரேடியோவுக்கு உறைத்தது. டைரக்டர் ஆபீஸிலிருந்து அழுதுகொண்டே இறங்கியவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டது அவன்தான். "குடுத்தேன் அண்ணி. பாவமா இருந்தது. அப்புறம்... என் பேண்டைச் சின்னதாக்கக் குடுத்தேன். ஒரு வியாபாரமாவது ஆகட்டுமேன்னு."

"நேத்து போன் பண்ணியா?"

"பேண்டு ரெடியான்னு கேட்டேன்." குரல் கிணற்றுக்குள் போனது. "அப்படியே பேச்சுவாக்குல... ஒரிஜினல் கிடைச்சிடுச்சு, உலகத்துலேயே ஒண்ணுதான் இருக்கு, இந்த ஸ்டூடியோவுல நாளைக்கு வாங்கப்போறோம்னு..."

"அட்ரஸும் சொல்லிட்டியா?"

"வழியும் சொன்னேன்."

பூதக்கண்ணாடி திட்டவில்லை. ஓடினாள். அவள் ஓடி ரேடியோ பார்த்ததே இல்லை.

கார் சந்தைத் தெருவுக்குள் புகுந்து, லாரி ஒன்றின் கண்ணாடியைத் தடவிக்கொண்டு போனது. ரேடியோ நான்காவது தடவையாகத் தையல்கடைக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"கிழிச்சுப் போடத்தான் கொண்டுபோயிருக்காங்கன்னு வச்சுக்குவோம். போகட்டுமே அண்ணி! அப்பாவைப் பத்தின கெட்ட படம் ஒழிஞ்சது. நம்மகிட்ட ஏஜென்சி காப்பி இருக்கு. எதுக்கு இந்தப் பறப்பு?"

"உன் பேனா எங்க இருக்கு?"

"பையில."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். பை அங்கதானே இருக்கும்?"

"அந்தப் படம் உன் போன்ல இருக்குல்ல, எடு. வாட்ச்மேன் யூனிஃபார்ம் போடல. மில்லுல குடுத்தது ஒரு விசில் மட்டும்தான். சட்டை அவர் சொந்தச் சட்டை. பை எந்தப் பக்கம் இருக்கு பாரு."

ரேடியோ படத்தை விரலால் விரித்தான். "வலது பக்கம். தையல்காரர் தூக்கக் கலக்கத்துல தைச்சிருப்பார்."

"சரி. பட்டன்?"

அவன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். படத்தைப் பார்த்தான். மறுபடி தன் சட்டையைப் பார்த்தான். "மாறியிருக்கு அண்ணி. பொம்பளைங்க சட்டை மாதிரி."

"பையையும் மாத்தி, பட்டனையும் மாத்தி ஒரு ஆம்பளைச் சட்டையை யார் தைப்பா? சட்டையில தப்பு இல்லடா. படமே இடம் வலமாத் திரும்பியிருக்கு. நெகட்டிவைப் புரட்டி வச்சுப் பிரிண்ட் போட்டிருக்காங்க. அந்தப் பிரிண்ட்ல இருந்துதான் ஊர்ல இருக்கிற அத்தனை காப்பியும்."

"அப்படின்னா அந்தச் சின்னக் கதவு..."

"இடது பக்கம்."

"முன் கேட்டு!" ரேடியோ சீட்டில் நிமிர்ந்தான். "அவர் சொன்னது உண்மை!"

"அது மட்டுமில்ல. பிழைச்சவங்க எல்லாரும் அந்தக் கேட்டு வழியாத்தான் வெளியே வந்தாங்க. புகையில யார் திறந்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியல. படத்துல கேட்டு மூடியிருக்கு, சாவி அவர் கையில. அவர் பூட்டலடா. திறக்கப் போறார்."

ரேடியோ போனில் இருந்த முகத்தை மறுபடி பார்த்தான். ஊரே துப்பிய ஆள். அத்தனை பேரை வெளியே விட்டவன்.

"இதை முன்னாடியே ஊருக்குச் சொல்லியிருக்கலாமே?"

"எதை வச்சு? தையல்காரர் தூங்கிட்டார்னு நீ சொன்னியே, அதையே வக்கீல் கோட்டு போட்டுக்கிட்டு சொல்வார். நெகட்டிவ் ஓரத்துல ஃபிலிம் கம்பெனி எழுத்தும் நம்பரும் இருக்கும். அதை நேரா படிக்கிற மாதிரி பிடிச்சா படமும் நேரா நிக்கும். அதுக்குப் பதில் சொல்ல எந்த வக்கீலாலயும் முடியாது. நாம தேடறது மில்காரங்க காதுக்குப் போனதுமே எதுக்கு விலை பேசறாங்கன்னு நினைக்கிற?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"உங்கிட்ட சொன்னா நாலு தெருவுக்குத் தெரிஞ்சிடும்னு சொல்லல."

ரேடியோ ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான். "சொல்லியிருந்தா அந்த அக்காகிட்டயும் உளறியிருப்பேன். அவங்க எடுத்துட்டுப் போயிருக்க மாட்டாங்க."

பூதக்கண்ணாடி ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினாள்.

தையல்கடையின் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. இருவரும் குனிந்து நுழைந்தார்கள்.

வெட்டுத் துணிகள் குவிந்த மேஜைக்குப் பின்னால் வாட்ச்மேனின் மகள் நின்றிருந்தாள். ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறு கையில் சின்ன ஃபிலிம் துண்டு. கண்கள் இரண்டும் சுவரில் இருந்தன.

"கிட்ட வந்தீங்கன்னா வச்சுத் தேய்ச்சிடுவேன்!"

"அக்கா" என்று ஆரம்பித்தான் ரேடியோ. "பேண்டு விஷயமா..." வாய்க்குள்ளேயே அது செத்தது.

"பொய் சொல்லித்தான் வாங்கினேன் தம்பி. போலீசைக் கூப்பிடுங்க, பரவாயில்ல. இதுதானே கடைசி? இதோட ஒழியட்டும். எங்கப்பா அந்தத் திரைக்குப் பின்னாடிதான் இருக்காரு. ஜெயில்ல இருந்து வந்த நாள்ல இருந்து வாசப்படி தாண்டல. யாரோ ஒருத்தன் மூஞ்சியைப் பார்த்து அடையாளம் கண்டுக்குவான்னு பயம். இன்னைக்கு மறுபடியும் ஊர் பூரா காட்டப்போறீங்க!"

இஸ்திரிப் பெட்டி மேலே உயர்ந்தது. இன்னும் ஒரு சாண்தான்.

பூதக்கண்ணாடி ஒரு அடிகூட நகரவில்லை. கடைக்குத் துணி தைக்க வந்தவள் மாதிரிக் கேட்டாள். "ஆம்பளைச் சட்டைக்கு எந்தப் பக்கம் பை வைப்பீங்க?"

"என்ன?"

"பை. எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். இது என்ன கேள்வி?"

"அன்னைக்கு உங்கப்பா போட்டிருந்த சட்டையை யார் தைச்சாங்க?"

"எங்கம்மா." அவள் குரல் குழம்பியது. "அப்பாவுக்கு அம்மாதான் தைப்பாங்க. கண்ணாடி வச்சுக்க ஆழமா ஒரு பை வைப்பாங்க."

"பையை வலது பக்கம் வச்சு, பட்டனையும் மாத்தி தைப்பாங்களா?"

"எங்கம்மாவா? கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தத் தப்பு வராது!"

"அப்ப அந்தப் படத்துல ஏன் அப்படி இருக்கு?"

திரைக்குப் பின்னால் யாரோ கட்டிலிலிருந்து எழுந்து உட்காரும் கிரீச் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியாது" என்றாள் அவள். "நான் அதை ஒரு தடவைகூட முழுசாப் பார்த்ததில்ல."

"இப்பப் பாருங்க. நீங்களே பாருங்க. நாங்க இங்கேயே நிக்கிறோம். பார்த்துட்டும் எரிக்கணும்னு தோணிச்சுன்னா எரிச்சிடுங்க."

ரேடியோ அண்ணியைத் திகிலோடு பார்த்தான். அண்ணியின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

மகள் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்துக்கு எதிரே ஃபிலிம் துண்டைத் தூக்கிப் பிடித்தாள். கண்ணைத் திறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகும். அன்றைய வாட்ச்மேனின் கறுத்த முடி அதில் பஞ்சாக வெளுத்திருந்தது. அவள் பார்த்தது இன்றைக்குத் திரைக்குப் பின்னால் இருக்கும் அப்பாவை.

"ஓரத்துல எழுத்து இருக்கா?" என்றாள் பூதக்கண்ணாடி.

"பொடிசா இருக்கு. இடம் வலமாத் தெரியுது... இல்ல, இருங்க, புரட்டிப் பிடிச்சிருக்கேன்." துண்டைத் திருப்பினாள். "இப்பப் படிக்க முடியுது."

"இப்ப பை எந்தப் பக்கம்?"

"இடது."

"பட்டன்?"

"சரியா இருக்கு. அம்மா தைச்ச மாதிரியே இருக்கு." துண்டைக் கண்ணுக்கு இன்னும் அருகே கொண்டுபோனாள். "சின்னக் கதவு... மேடம், சின்னக் கதவு இந்தப் பக்கம் இருக்கு. மதியம் நான் சாப்பாடு கொண்டுபோய்க் குடுப்பேனே, அந்தக் கதவு. இது முன் கேட்டு!"

"ஆமா. சாவி எங்க இருக்கு பாருங்க."

"பூட்டுப் பக்கம் நீட்டின கையில." அவள் உட்கார்ந்துவிட்டாள். "திறக்கிறாரு. எங்கப்பா திறக்கிறாரு."

புகை நாற்றம் அடித்தது. இஸ்திரிப் பெட்டி ஏதோ ஒரு துணியின் மேல் கிடந்து அதைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. ரேடியோ பாய்ந்து தூக்கினான். கீழே அவனுடைய பேண்டு. முழங்கால் பக்கம் பெட்டியின் அச்சு அப்படியே பழுப்பாகப் பதிந்திருந்தது. அவன் அதைச் சத்தமில்லாமல் மடித்து மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டான்.

பூதக்கண்ணாடி போனில் டைரக்டரைப் பிடித்துவிட்டிருந்தாள். அந்தப் பக்கம் போட்ட கூச்சல் கடை முழுவதும் கேட்டது.

"என்னம்மா விளையாடறீங்களா? படத்தைத் திருப்பிப் போட்டா என் கதையே திரும்பிடும்!"

"அதைத்தான் சொல்றேன் சார். இல்லாட்டி பழையபடியே போடுங்க. நாளைக்குக் காலையில ஒரிஜினலை நானே பத்திரிகைக்குக் குடுக்கறேன். உயிரோட இருக்கிற ஒரு மனுஷனைக் கொலைகாரன்னு காட்டினது யாருன்னு அவங்க எழுதட்டும்."

கூச்சல் நின்றது. பிறகு அந்தக் குரல் வேறு மாதிரி வந்தது. "நெகட்டிவ் உங்க கையில இருக்கா?"

"கண்ணு முன்னாடி இருக்கு."

"எடிட்டிங் ரூமுக்குக் கொண்டுவாங்க. கடைசிப் பகுதியை வெட்டி ஒட்டறேன். சீக்கிரம்."

அவள் போனை வைத்தபோது திரை விலகியது. நரைத்த தலையோடு ஒல்லியாக ஒரு மனிதர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மகள் எழுந்து போய் அந்தத் துண்டை அவர் விரல்களுக்குள் வைத்தாள். அவர் அதை விளக்கைப் பார்த்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

"முன் கேட்டு" என்றார். குரலில் கோபம் இல்லை. "அப்பவே சொன்னேனேம்மா."

"சொன்னீங்கப்பா." அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். "நான்தான் நம்பல."

அவர் அவள் தலையில் கையை வைத்தார். ரேடியோ ஷட்டர் பக்கம் திரும்பி, இல்லாத தூசியைக் கண்ணிலிருந்து எடுத்தான்.

"ஏம்மா" என்று பூதக்கண்ணாடியைக் கேட்டார் பெரியவர். "இதை டி.வி.யில காட்டுவாங்களா?"

"காட்டுவாங்கய்யா. நேரா காட்டுவாங்க."

அவர் ஃபிலிம் துண்டைப் பூதக்கண்ணாடியிடம் கொடுத்தார். பிறகு நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, பாதி இறங்கிய ஷட்டரை நோக்கி மெதுவாக நடந்தார். மகள் பதறிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

"எங்கே போறீங்கப்பா?"

"எதிர் டீக்கடையில டி.வி. இருக்குல்ல?" என்றார் அவர். "கூட்டம் சேர்றதுக்குள்ள முன்னாடி ஒரு இடம் பிடிக்கணும்."